கிளிநொச்சி எந்த மாவட்டம்

குடியுரிமை நேர்காணலுக்காகக் கனடாவின் மிசிசாகா நகரில் ஓர் அலுவலகத்தில் மனைவியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம், கடவுச்சீட்டில் கிளிநொச்சி. எது உண்மை என்று கேட்ட அதிகாரி, அவளுடைய கோப்பின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் குறி விழுந்த கோப்பு எத்தனை வருடம் தூங்கும் என்பது, இலங்கையில் கச்சேரி எனப்படும் மாவட்ட அரசு அலுவலகத்தில் அப்படிப் பல கோப்புகளைத் தூங்கவைத்தே ஓய்வூதியம் பெற்ற எனக்குத் தெரியும்.

மாகாணம், மாவட்டம், பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு என்று மேலிருந்து தொடங்கினேன். உங்களை இல்லை, மனைவியைத்தான் கேட்டேன் என்று அதிகாரி கையை உயர்த்தினார்.

மனைவி பக்கத்தில் இருந்த மொழிபெயர்ப்பாளர் பெண்ணிடம் திரும்பினாள். "பிள்ளை, நான் பிறக்கேக்கை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்கைதான் இருந்தது. பிறகுதான் பிரிச்சவை. வீடு அங்கையேதான் நிக்குது. இஞ்சை தனி நகரமா இருந்த ஸ்காபரோவையும் பிறகு ரொறன்ரோவோடை சேர்த்தவையாம். அப்ப அங்கை பிறந்த சனமெல்லாம் கள்ளரோ எண்டு ஐயாவைக் கேளுங்கோ."

கடைசி வசனத்தை விட்டுவிடும்படி அந்தப் பெண்ணிடம் கண்ணால் கெஞ்சினேன். அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். அதிகாரி சிரிக்கவில்லை. தான் ஸ்காபரோவில் பிறந்தவன் என்று சொல்லிக் கேள்விக்குறியை வெட்டினார். பிறகு என் கோப்பைத் திறந்தார்.