குதிரைக்கு லாடம் அடித்த அன்று

கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று மாமா ஒரு குதிரை வாங்கினார். வாங்கியது இளங்குதிரை. மாப்பிள்ளையைச் சுமக்க அதற்கு இன்னும் இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை அது தின்றுகொண்டிருக்கும், மாமா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மேய்ச்சலுக்கு வழி செய்தது அவருடைய அக்காவான என் அம்மா. அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயராபீஸில் வெடிக்குத் திரி வைத்துக்கொண்டிருந்தாள். பட்டாசு ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒவ்வொரு ரூமையும் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். நடுவில் புல் காய்ந்து கிடந்தால் ஆபத்து. குதிரை மேய்ந்தால் புல் வளராது என்று போர்மேனிடம் பேசி அம்மா அனுமதி வாங்கியிருந்தாள்.

மாதம் ஒரு தடவை எங்கள் வாசலில் மாமா குளம்பு வெட்டுவார். முதல் தடவை பார்த்தபோது நான் வீறிட்டுவிட்டேன். குதிரையின் காலை மடக்கித் தன் தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு, உள்ளே அப்பியிருந்த மண்ணை நோண்டி எடுத்தார். பிறகு குறட்டால் விளிம்பை நறுக்கினார். குதிரை பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஒன் நகத்த வெட்டுனா வலிக்கா? அம்புட்டுத்தான் இதுவும்" என்றபடி அரத்தால் தேய்த்து மட்டமாக்கினார்.

ஒரு மாதம் வெட்டும்போது குளம்போரத்தில் சின்ன வெடிப்பு தெரிந்தது. மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மா வேலைக்குப் போனதும் குதிரையை வேனில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுபோனார். சாயங்காலம் நாலு காலிலும் இரும்பு லாடத்தோடு அது வந்து இறங்கியது. சிமெண்ட் ரோட்டில் டக் டக்கென்று நடந்தது. ஓரிடத்தில் கால் சறுக்கி, குளம்படியில் பொறி பறந்தது. நாங்கள் பிள்ளைகளெல்லாம் கைதட்டினோம்.

கம்பெனி வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கிய அம்மா நேராக வந்து மாமாவின் கன்னத்தில் அறைந்தாள். தம்பியை அதட்டிக்கூடப் பேசாதவள் அவள்.

"வெறுங்கால்ல நடந்தா குளம்பு வெடிக்குதுக்கா" என்றார் மாமா.

"நாங்க அம்புட்டுப் பேரும் அங்கன வெறுங்கால்லதாம்லே நடக்கோம். நாளைக்கு இத வெடிமருந்து ரூம் பக்கம் ஓட்டிட்டு வருவியா? கழத்துலே. இப்பவே கழத்து."

அம்மாவோடு இறங்கிய பெண்கள் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. மாமா ஒவ்வோர் ஆணியாக நிமிர்த்திப் பிடுங்கினார். நாலும் கழன்ற பிறகு அம்மா தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குளம்பையும் விரலால் தடவி, ஆணி எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு குதிரையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாமாவும் அழுதார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவும் அதே பயராபீஸில்தான் வேலை பார்த்தார்; காய்ச்சலில் செத்துப்போனதாகத்தான் அதுவரை என்னிடம் சொல்லிவைத்திருந்தார்கள். கேவலம் ஒரு குதிரைக்குச் செருப்புப் போட்டதற்கா ரெண்டு பேரும் இப்படி அழுகிறார்கள் என்று நினைத்து, நான் அந்த லாடங்களை எடுத்துத் தட்டி விளையாடப் போய்விட்டேன்.