வெள்ளை வண்டிக்குச் சிவப்புக் கதவு

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃபிளாட் பாலாஜி புதுக் கார் வாங்கினார். திருவேற்காட்டில் எங்கள் குடியிருப்பு வாசலில் வைத்தே பூஜை. நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், "சார், நீங்கதான் கார் கம்பெனில இருந்தவராச்சே, கொஞ்சம் உக்காந்து பாத்துச் சொல்லுங்க" என்று என்னை முன்சீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். சீட்டின் பிளாஸ்டிக் உறையும் ரப்பரும் பசையும் கலந்த அந்தப் புது வண்டி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. கழுத்தில் டை இறுக்குவது போலக்கூட இருந்தது. "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு அவசரமாக இறங்கிவிட்டேன். பாலாஜியின் முகம் வாடிப்போனது. குறை காரில் இல்லை என்று அவரிடம் எப்படி விளக்குவது? உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது அம்பத்தூரில் ஓர் அமெரிக்கக் கார் கம்பெனியின் ஷோரூம் இருந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் யாரும் அதைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. 'அமெரிக்கா வண்டி' என்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்கா என்றதும் கோடீஸ்வரர்களின் கார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊரிலேயே அது நடுத்தரக் குடும்பத்து வண்டிதானாம். இங்கேயும் மாதச் சம்பளக்காரர் கடன் போட்டு எட்டிப் பிடிக்கிற உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அதன் கதவைச் சாத்தினால் 'தொம்' என்று கனமாக ஒரு சத்தம் வரும். வருகிறவர்களுக்கு அந்தக் கதவை மூன்று முறை சாத்திக் காட்டுவது எங்கள் வித்தை. முதல் முறை அவர்கள் கவனிக்க மாட்டார்கள். மூன்றாவது முறை கணவன் மனைவியைப் பார்ப்பார். அப்போது நான் விண்ணப்பத் தாளை எடுப்பேன்.

மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வந்து, ஷோரூமுக்கு நூறு அடி முன்னாலேயே அதை ஒரு மளிகைக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு நடந்து வருவேன். கார் விற்கிறவன் சைக்கிளில் வரலாமா என்ற கௌரவம். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் வாட்ச்மேன் டில்லி அண்ணன். "இன்னா நைனா, ஒன் பென்ஸ் காரு அண்ணாச்சி கடையாண்ட பத்திரமா கீதா?" என்று தினமும் கேட்பார்.

முதல் இரண்டு வருடம் திருவிழாதான். ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வருவார்கள். ஒவ்வொரு வண்டி வெளியே போகும்போதும் ஒரு பித்தளை மணியை அடித்து நாங்கள் எல்லோரும் கைதட்ட வேண்டும். சனிக்கிழமைகளில் கை சிவந்துவிடும்.

எப்போது இறங்க ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. மற்ற கம்பெனிகள் வருடத்துக்கொரு புது வண்டி கொண்டுவந்தபோது எங்களுக்கு அதே வண்டியில் புது நிறம் வந்தது. ஷோரூமுக்குள் ஆறு வண்டிகள் நின்ற இடத்தில் இரண்டு நின்றன. மிச்ச இடத்தில் தொட்டிச் செடிகளை வைத்தார்கள். பாதி ஹாலுக்கு மட்டும் ஏசி ஓடியது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போனார்கள். மணியைத் துடைக்கக்கூட ஆள் இல்லாமல் அது பச்சை பூத்துப்போனது.

அந்தக் காலத்தில்தான் விசாலாட்சி அக்கா வந்தார். ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் வேலை, அதன் குவார்ட்டர்ஸிலேயே வீடு. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை. கணவர் முத்தையாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்திருந்தன. வாரம் இரண்டு முறை பூந்தமல்லிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போக வேண்டும். ஆட்டோவில் அவரைத் தூக்கி ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்காகவே அக்கா நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

அவரிடம் என் கதவு வித்தை பலிக்கவில்லை. கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து சீட் வரைக்கும் அளந்தார்.

"இருவது இஞ்சு. இவுக நாற்காலியும் இருவதுதான். நாலு கடை ஏறி எறங்கிட்டேன் தம்பி, ஒண்ணு கெணறு மாதிரி கெடக்கு, ஒண்ணு மச்சு மாதிரி நிக்கி. இதுதான் சரியா வருது."

அடுத்த நாள் முத்தையாவையே சக்கர நாற்காலியோடு அழைத்து வந்தார். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு பலகையைப் போட்டதும் அவர் தானாகவே நகர்ந்து முன்சீட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் தூக்கவில்லை. உட்கார்ந்த பிறகு, வலது கையால் என்னைக் கூப்பிட்டு, "இனிமே எம் பொஞ்சாதிதான் எனக்கு டிரைவர். சம்பளம் கேக்க மாட்டா, ஆனா ஏச்சு உண்டு" என்றார். கடன் கிடைத்ததும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன நான்காம் நாள் மேலாளர் எங்களை உள்ளறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். கம்பெனி இந்தியாவை விட்டே கிளம்புகிறது, அறிவிப்பு வர இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்றார். "அதுக்குள்ள யார்டுல நிக்கிற ஒம்போது வண்டியும் போயாகணும். இந்த விஷயம் இந்த ரூமோட இருக்கட்டும். வெளிய போச்சுன்னா உங்க கடைசி மாசச் சம்பளத்துக்கு நான் பொறுப்பில்ல." அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மறுவாரம் விசாலாட்சி அக்கா கையெழுத்துப் போட வந்தார். வாசலிலேயே வெகுநேரம் நின்று டில்லி அண்ணனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் நிறுத்த இடம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வந்தவர் உட்காரவில்லை. மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தக் கம்பெனி இருக்கும்லா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது. நான் சொல்லியிருக்கலாம்.

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? அமெரிக்காக் கம்பெனி. நம்ம தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு. எங்க போவப் போவுது?"

அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து, தாள் தாளாகக் கையெழுத்துப் போட்டார். வெள்ளை வண்டி. அன்றைக்கு மணியை நான் ஒருவனே அடித்து நான் ஒருவனே கைதட்டினேன்.

மூன்று வாரத்தில் செய்தித்தாளில் வந்துவிட்டது. அக்கா வந்து சண்டை போடுவார் என்று தினமும் பயந்தேன். வரவில்லை. ஷோரூமை மூடினார்கள். உதிரிபாகங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்று கம்பெனி சொன்னதால் பின்பக்கத்துச் சர்வீஸ் பட்டறை மட்டும் ஓடியது. டில்லி அண்ணனும் அங்கேயே தங்கிவிட்டார். நான் பக்கத்திலேயே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தேன். அக்காவின் வண்டியை ஆவடிப் பக்கம் எப்போதாவது பார்ப்பேன். முத்தையா முன்சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். இடது கையால் டம்ளரைத் தூக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஒருமுறை அக்கா சிக்னலில் நின்றபடியே சொன்னார். எனக்கும் மனசு லேசானது. பொய் சொன்னாலும் நல்லதுதானே நடந்திருக்கிறது என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் ஆவடி செக்போஸ்ட்டில் நின்றுகொண்டிருந்த அவர் வண்டியை ஒரு ஷேர் ஆட்டோ இடது பக்கம் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. முன்கதவு மட்டும் உள்ளே மடங்கி, பூட்டு நொறுங்கி, திறக்கவே முடியாமல் போய்விட்டது. முத்தையா ஏறி இறங்குகிற கதவு அதுதான். பின்கதவில் பலகை போட வழியில்லை. பட்டறையில் கேட்டால், "ஆர்டர் போட்டிருக்கோம்மா" என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். அதற்கு அடுத்த மாதமும்.

அக்கா எனக்கு போன் செய்தார். திரையில் 'விசாலாட்சி அக்கா வெள்ளை வண்டி' என்று பெயர் வந்தது. எதற்கு அழைக்கிறார் என்று எனக்குத் தெரியும். பட்டறையில் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்தேன். இன்னும் இரண்டு முறை அழைத்தார். இரண்டு முறையும் அதுதான் செய்தேன். பிறகு அழைப்பு நின்றுவிட்டது. நின்றதும் நிம்மதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் டீக்கடையில் டில்லி அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் குவாட்டர்ஸ் அம்மா ஒன்ன தேடிகினு வந்துச்சு நைனா. நாலு மாசமா அந்தாளு ஊட்ட உட்டே வெளிய வர்லியாம். டம்ளர் புடிச்ச கை மறுபடியும் மரக்கட்ட மாரி ஆயிட்ச்சாம். நீ இன்னான்னா குந்திகினு டீ குட்ச்சிகினு கீற."

அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் அலைந்தேன். அமெரிக்கா வண்டி என்றதும் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒரு கடையின் மாடியில், பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து கழற்றிய இடது முன்கதவு பூட்டோடு கிடைத்தது. நிறம்தான் சிவப்பு. அதை ஒரு குட்டி லாரியில் போட்டுக்கொண்டு, ஆவடியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

அக்கா தண்ணீர் கொடுத்தார். மெக்கானிக் மதியம் வரை வேலை பார்த்தார். கதவு சரியாகச் சாத்திக்கொண்டதும் அக்கா பலகையைப் போட்டார். முத்தையாவால் நகர முடியவில்லை. பழைய வலு உடம்பில் இல்லை. நானும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கித்தான் உட்காரவைத்தோம். அவர் அந்தச் சிவப்புக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "செகப்புக் கதவா? ஊருக்குள்ள நம்ம வண்டிய ஈசியா அடையாளம் கண்டுக்கிடலாம்" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மெக்கானிக் போன பிறகு, வேப்பமரத்தடியில் வைத்து அக்காவிடம் சொன்னேன். உள்ளறைக் கூட்டம், ஒன்பது வண்டி, கல்யாணம், எல்லாவற்றையும். அழுதால் மன்னித்துவிடுவார் என்ற ஆசையும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பக்கா தெரிஞ்சது? பேப்பர்ல வந்தப்பவா?"

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கே. வாட்ச்மேன் அண்ணாச்சி கேட்டுலயே என்ன நிப்பாட்டிச் சொன்னாக. மூட்ட கட்டப் போறானுவ, வாங்காதம்மான்னு. அவுகளுக்கு என்ன தெரியும், உள்ள இருக்கது நம்ம தம்பி, அதுகிட்டயே கேட்டுப்புடுவோம்னுதான் வந்து கேட்டேன்."

அக்கா வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நீங்க உண்மையச் சொல்லியிருந்தாலும் வாங்கித்தான் இருப்பேன். வேற வண்டில அவுக ஏற முடியாதுல்லா. ஆனா கதவு, பூட்டு, கண்ணாடின்னு அப்பவே ரெண்டு ரெண்டு வாங்கி வீட்டுல போட்டிருப்பேன். இந்த நாலு மாசம் அவுக கை போயிருக்காது."

கோபமாகச் சொல்லவில்லை. துணியில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்டுவது போலச் சொன்னார்.

அடுத்த வருடமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அக்கா சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த வண்டியிலேயே, அவரே ஓட்டிக்கொண்டு, முத்தையாவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனாராம். அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள்; வேப்பமரமும் போய்விட்டது. ஷோரூம் இருந்த இடத்தில் சோபா விற்கிறார்கள். டில்லி அண்ணன் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அந்தக் கம்பெனி வண்டியை இந்தப் பக்கச் சாலைகளில் நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பதே நினைவில்லை.

கார்கள் வரும், கம்பெனிகள் போகும். அதற்கெல்லாம் நான் வருத்தப்படுகிறவன் இல்லை. அன்றைக்கு மரத்தடியிலிருந்து கிளம்பியபோது அக்கா வாசல் வரை வந்தார். எத்தனையோ முறை அவர் என்னைப் பெயர்கூடச் சொல்லாமல் தம்பி, தம்பி என்றே கூப்பிட்டிருக்கிறார். அன்று கேட்டைத் திறந்து விட்டுவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்று, "சரி, பாத்துப் போங்க சார்" என்றார்.