இடப்பக்கம் இழுக்கிற விமானம்

எனக்குப் பக்கவாதம் வந்தது பஸ்ஸில் இல்லை. அந்த மட்டுக்கும் நல்லது. வீட்டுக் கொல்லையில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன், பிரஷ் கையை விட்டு விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. அதையே முறைத்துக்கொண்டு நின்றபோது என் மனைவி வந்து பார்த்துவிட்டு, வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது என்று அலறினாள். லேசான அட்டாக்தான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாய் சரியாயிற்று, கால் சரியாயிற்று. வலது கை மட்டும் யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன சாமான் மாதிரி தோளில் தொங்கியது.

நான் அரசு பஸ் டிரைவர். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் போகிற வண்டி. வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. லீவு முடிந்ததும் மெடிக்கல் போர்டு கூப்பிடும். ஃபிட் என்று எழுதினால் மறுபடியும் ஸ்டியரிங். அன்ஃபிட் என்றால் டிப்போவில் லைட் டூட்டி, அதாவது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பார்த்துக்கொண்டிருக்கிற உத்தியோகம். அதற்குச் சும்மா செத்துப் போகலாம் என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னேனே தவிர, உள்ளே அப்படி ஒன்றும் பதறவில்லை. அந்த மாதங்களில் எதற்குமே பதறவில்லை. கை மரத்ததோடு சேர்ந்து மற்றதும் மரத்துவிட்டதோ என்னவோ.

கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். ஸ்பாஞ்சுப் பந்தைக் கையில் கொடுத்து, அமுக்குங்க சார், விடுங்க சார் என்பாள். இருபது வருஷம் பஸ் ஓட்டினவனுக்குப் பந்தா? ஒரு நாள் அதைத் தூக்கி வேலிக்கு அப்பால் போட்டுவிட்டேன். என் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள், எப்போதுமே அதிகம் பேச மாட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் விமானம் ஓட்டுகிற விளையாட்டு ஒன்று. பரணிலிருந்து ஜாய்ஸ்டிக்கை இறக்கித் தூசி தட்டி, மேஜையில் வைத்து, என் வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இதை ஓட்டுப்பா. இதுவும் பயிற்சிதான்."

கியர் குச்சி மாதிரி இருந்தது. முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம், சாய்க்கலாம், நின்ற இடத்திலேயே திருகலாம். அந்தத் திருகல்தான் முக்கியம் என்று பிற்பாடு தெரிந்தது.

அது பழைய பதிப்பு. திருச்சி ஏர்போர்ட் என்ற பெயரில் ஒரு கறுப்புக் கோடு, இரண்டு டப்பா மாதிரிக் கட்டடம். அங்கிருந்து கிளம்பிக் கிழக்கே போனால் பச்சைப் போர்வை ஒன்று விரித்திருக்கும். அதுதான் எங்கள் டெல்டாவாம். ஊர் கிடையாது, ரோடு கிடையாது. காவிரி மட்டும் நீலமாக, கரை தொட்டு, பன்னிரண்டு மாசமும் தண்ணீரோடு ஓடியது. இப்படி ஒரு காவிரியைப் படத்தில்தான் பார்க்க முடியும் என்று சொல்லிச் சிரித்தேன். ஆனால் ஓட்டுவதற்கு அது வெண்ணெய். திரையின் மூலையில் ஒரு எண் ஓடும், ஒரு நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு. அது அறுபதுக்குக் கீழே இறங்காது என்று மகள் சொன்னாள். நான் சாய்த்தால் சாய்ந்தது, தூக்கினால் தூக்கியது. ஒரு மாதத்தில் கறுப்புக் கோட்டின் நடுவில் பிசகாமல் இறக்கினேன்.

என் மனைவிக்கு அதுதான் டாக்டர் ரிப்போர்ட். அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நிற்பாள். விமானம் நேராக இறங்கினால், கை வந்துவிட்டது என்று நாகூர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். தர்காவில் வேண்டிக்கொண்டிருந்தாள். போர்டில் ஃபிட் என்றுதான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நானும் நினைக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ரூட்டில் நேராகப் போவதற்கு வேறு அர்த்தம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுத்ததும் களம் போதாமல் பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டுவிடுவார்கள். சுற்றிலும் கல்லும் கருவமுள்ளும் எல்லை. நடுவில் பெண்கள் காலால் நெல்லைக் கிண்டிக்கொண்டே நடப்பார்கள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஹாரன் அடித்தாலும் திரும்ப மாட்டார்கள். டிரைவர் பார்த்துப் போவான் என்ற நம்பிக்கை. எதிரே ஒரு லாரி வந்துவிட்டால், அந்த முள்ளுக்கும் என் இடது டயருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். அந்த ஒரு சாணைக் கையால்தான் பிடிக்க வேண்டும், கண்ணால் முடியாது. நான் பிடித்திருக்கிறேன், ஒரு நெல்மணியை நசுக்கியது கிடையாது.

அப்போதுதான் மகள் புதிய பதிப்பைக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டரில் அது இறங்கி முடியவே நாள் கணக்கில் ஆயிற்று. திறந்து பார்த்தால், அடேயப்பா. வானத்திலிருந்து எடுத்த நிஜப் படத்தையே கீழே விரித்து வைத்திருந்தார்கள். காவிரி மணலாகக் கிடந்தது. இதுதான் நம்ம ஆறு என்றேன். வரப்பு தெரிந்தது, வாய்க்கால் தெரிந்தது. தஞ்சாவூர் தாண்டி என் ரோட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஸ்டாப் வாரியாக மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் வேதாரண்யத்து உப்பளம் வெள்ளை வெள்ளைப் பாத்தியாக வந்தது. இவ்வளவு நாள் கழித்து அதைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உப்பளம் வந்துவிட்டது, இனித் திருப்ப வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஆனால் எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர் அதைத் தாங்கவில்லை. மூலையில் எண் பன்னிரண்டைத் தாண்டாது. படம் திக்கித் திக்கி வந்தது. ஓடுபாதையில் வேகம் எடுத்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போயிற்று. இறக்கும்போதும் அப்படித்தான். முன்னால் ஒற்றை விசிறி சுற்றுகிற விமானம் இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும், குச்சியை வலப்பக்கம் கொஞ்சம் திருகிப் பிடிக்க வேண்டும் என்று மகள் சொன்னாள். திருகிக்கொண்டுதானே இருக்கிறேன், உன் மெஷின் தூங்குகிறது என்று எரிந்து விழுந்தேன். பழைய பதிப்பில் இழுக்காதது புதியதில் ஏன் இழுக்கிறது? மெஷின் தகராறு. வேறென்ன?

அவள் செட்டிங்கில் போய் மேகத்தை எடுத்தாள். எண் ஏறியது, விமானம் புல்லுக்குள் போயிற்று. நிழலை எடுத்தாள். மரங்களை எடுத்தாள், தென்னந்தோப்பெல்லாம் மொட்டையாயிற்று. வீடுகளை எடுத்தாள். எண் முப்பதுக்கு வந்தது. பழைய பதிப்பில் பாதி. ஆனாலும் விமானம் புல்லுக்குள்தான் போயிற்று. இன்னும் முப்பது வேண்டும், வந்துவிட்டால் நேராகப் போகும் என்றேன். என் மனைவி பின்னால் நின்று, சனியன் பிடிச்ச பொட்டி, மனுஷன் கையைக் கெடுக்குது என்று கம்ப்யூட்டரைத் திட்டினாள். மகள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டாள்.

போர்டிலிருந்து நாள் குறித்துக் கடிதம் வந்துவிட்டது. அந்த வாரம் மகள் என்னைத் தஞ்சாவூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேமிங் சென்டருக்குக் கூட்டிப்போனாள். மாடியில் ஏசி அறை, கறுப்புக் கண்ணாடி. நல்ல மெஷின்பா, இதுல ஓட்டிப் பாரு என்றாள். வீட்டு ஜாய்ஸ்டிக்கைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். கீழே ஸ்டாண்டில் வண்டிகள் ரிவர்ஸ் எடுக்கிற விசில் கேட்டது.

அதே புதிய பதிப்பு. மரம், மேகம், நிழல் எல்லாம் இருந்தன. எண் அறுபதுக்கு மேல் நின்றது. படம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி வழுக்கியது. இப்போது பார் என்று சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினேன். விமானம் இடப்பக்கம் போயிற்று.

"திருகுப்பா" என்றாள்.

"திருகிட்டுத்தானே இருக்கேன்."

அவள் திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கீழே பார்த்தேன். கை குச்சியைப் பிடித்தபடி அப்படியே இருந்தது. திருகவில்லை. திருகுகிறேன் என்று எனக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது, மணிக்கட்டு திரும்புவது வரைக்கும் தெரிந்தது. அது ஒரு நூல்கூடத் திரும்பவில்லை. விமானம் புல்லில் சாய்ந்து நின்றது.

அவள் குச்சியை வாங்கி ஒரு தடவை ஓட்டினாள், கோடு போட்ட மாதிரிப் போயிற்று. அப்புறம் செட்டிங்கில் ஒரு கட்டத்தில் டிக் போட்டு என்னிடம் கொடுத்தாள். இப்போது எனக்கும் நேராகப் போயிற்று.

"இந்த டிக்கைப் போட்டா அது தானாத் திருப்பிக்கும்பா. பழசுல மொத நாளே போட்டுட்டேன். புல்லுக்குள்ள போய்ப் போய் நீ கோவிச்சுக்கிட்டு விட்டுடுவேன்னு."

"புதுசுல ஏன் போடல?"

"போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி நமக்குத் தெரியணும்ல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் சுபாவத்துக்கு அந்தக் குச்சியை உடைத்திருக்க வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். கீழே இறங்கிப் பரோட்டா வாங்கிக்கொடுத்தேன். எதிரே என் ரூட் வண்டி நின்றது, நான் பார்க்கவில்லை.

போர்டில் ஒரு டாக்டர் என் கையைப் பிடித்து, அழுத்துங்க என்றார். அழுத்தினேன். பலம் இருந்தது. இழுங்க, தள்ளுங்க, விரலை விரிங்க. எல்லாம் கண் எதிரே நடக்கிற காரியம், எல்லாவற்றையும் செய்தேன். பரவாயில்லையே, நல்லா முன்னேறியிருக்கு என்று சொல்லிப் பேனாவை எடுத்தார். வெளியே என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வேற ஏதாவது தொந்தரவு இருக்கா என்று தலையைத் தூக்காமல் கேட்டார். இல்லைங்க என்று சொன்னால் முடிந்தது. நெல் கிண்டுகிற ஒரு முதுகு ஞாபகம் வந்தது. யார் முதுகு என்றெல்லாம் இல்லை. சும்மா ஒரு முதுகு, பழைய சட்டையை மேலே போட்டுக்கொண்டு.

"கை திரும்பிடுச்சுன்னு எனக்குத் தெரியுதுங்க. பார்த்தா திரும்பாம இருக்குங்க" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். என் விரலைப் பிடித்து அசைத்து, மேலேயா கீழேயா என்று கேட்டார். மேலே என்றேன், கீழே என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்பதுதான் உண்மை. எதுவும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன், போதும் என்றிருந்தது.

மனைவியிடம் அன்ஃபிட் என்று மட்டும் சொன்னேன். ஊருக்குப் போகிற பஸ்ஸில் அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். நான் முன் சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். மாசி மாசம், நீடாமங்கலம் தாண்டி ரோடு நெடுக நெல். முள், கல், அதற்குள் ஒரு பெண் காலால் கிண்டிக்கொண்டு நடந்தாள். எதிரே லாரி வந்தது. டிரைவர் சின்னப் பையன், என் டிப்போதான். நான் மனதுக்குள் வலப்பக்கம் ஒடித்தேன். வண்டி முள்ளைத் தொடாமல் கடந்தது. அந்தப் பெண் திரும்பியே பார்க்கவில்லை. நல்லா ஓட்டுறே தம்பி என்று சொல்லலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், கம்ப்யூட்டரில் இடமில்லை, இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும், எதை அழிக்கட்டும் என்று மகள் கேட்டாள். பழையதை அழி என்றேன். அதில் ஓட்டுவதற்கு ஒரு ரோடுகூட இல்லை.

"அந்த டிக்கைப் போட்டு வச்சிடு" என்றேன்.

அவள் போட்டாள். மேகத்தையும் மரத்தையும் எடுத்துவிட்டு, முப்பது படத்தில் திருச்சியிலிருந்து கிளம்பினேன். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டு இம்மி விலகாமல் ஓடி எழும்பியது. கையைச் சும்மா மேலே வைத்திருந்தேன். நீடாமங்கலம் வந்தது, மன்னார்குடி வந்தது. என் மனைவி அழுத முகத்தைக் கழுவிவிட்டுக் காப்பியோடு வந்து, எப்போதும் போலப் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டருக்கு என்னங்க தெரியும்? பாருங்க, எவ்வளவு நேராப் போகுதுன்னு."

மகள் என்னைப் பார்த்தாள்.

"ஆமா" என்றேன். காப்பியை இடது கையால் வாங்கிக்கொண்டேன்.