சத்தம் வருதே, மருந்து இருக்கா?

என் அக்கா வீட்டுக்காரர் அடுப்பு ரிப்பேர் செய்பவர். கேஸ் ட்யூப்பில் கசிவு என்றால் மற்ற மெக்கானிக்குகள் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள். இவர் குனிந்து காதை வைப்பார். "இங்கதான் போகுது" என்று விரலை வைப்பார். அங்கேதான் போகும். அதனால் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றே பெயர். அந்தப் பெயரில் மனுஷருக்குப் பெருமை தாங்காது.

அவர் வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும்; பக்கத்துக் கடை என்னுடையது. ஜெராக்ஸ், கூரியர் இரண்டும் பார்க்கிறேன். அதனால் தினமும் காலையில் நடக்கும் கூத்தை நான் பார்த்தே ஆக வேண்டும். அக்காவுக்குப் பல வருஷமாக ஆஸ்துமா. மெத்தைக் கடையில் தலையணை உறை தைக்கிறாள். அவள் கிளம்பும்போது அத்தான் அவள் கைப்பையிலிருந்து நீல பம்ப்பை எடுப்பார். மூச்சு முட்டும்போது இழுத்துக்கொள்கிற மருந்து அது. அதைக் காதோரம் குலுக்குவார். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் ஒரு அமுக்கு. 'புஸ்' என்று வரும்.

"ஃபுல்லா இருக்கு. தைரியமா போ."

அக்கா சிரித்துக்கொண்டே போவாள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "தினமும் ஒண்ணக் காத்துல விடறீங்களே அத்தான், வீணாப் போகலையா?"

"பாக்காமக் குடுக்கறவன் மெக்கானிக்கா?" என்றார். நான் ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன். அன்றைக்கே ஒரு சண்டை போட்டிருக்க வேண்டும். வேண்டாத இடத்தில் எல்லாம் சண்டை போடுகிறவள்தானே நான்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பரணைச் சுத்தம் செய்தாள். சொன்னால் கேட்கிற ஆளா அவள்? இறங்கும்போதே முகம் சரியில்லை. "தண்ணி" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. நீல பம்ப்பை எடுத்து இழுத்தாள். இன்னொரு தடவை. இன்னும் இரண்டு தடவை. புஸ், புஸ் என்று சத்தம் அருமையாக வந்தது. மூச்சு மட்டும் வரவில்லை.

அத்தான் பம்ப்பை வாங்கிக் காதில் வைத்தார். "நல்லாத்தானே வருது!"

"உங்க காதத் தூக்கிக் குப்பையில போடுங்க! வண்டியக் கூப்பிடுங்க!" என்று கத்தினேன். அப்போது அக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். அரைமணி நேரம் கழித்துத்தான் அவள் என்னைப் பார்த்து முறைத்தாள். முறைத்தாள் என்றால் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம். நர்ஸ் பம்ப்பை வாங்கிப் பார்த்து, எப்போது வாங்கியது என்று கேட்டார். சொன்னோம். "அப்ப இது எப்பவோ காலி" என்றார்.

"காலியா? சிஸ்டர், நீங்களே கேளுங்க" என்று அத்தான் அமுக்கிக் காட்டினார். நர்ஸுக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். பேச நேரமில்லாமல் போய்விட்டார்.

புது பம்ப் வாங்கி வந்தோம். ஆனால் அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சத்தம் வருகிற டப்பா எப்படிக் காலியாக இருக்கும்? அதே கேள்வி எனக்கும். மறுநாள் பார்த்தால், பழைய டப்பாவைப் பட்டறை மேசையில் இறுக்கி, இரும்பு ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"உள்ள அழுத்தத்துல கேஸ் இருக்கு. வெடிச்சா?" என்றேன்.

"என்கிட்டயே சொல்றியா?" என்றார். ஆனால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். சிலிண்டரோடு காலம் தள்ளுகிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆர்வம் கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

புது பம்ப்பின் அட்டைப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பதினாறாக மடித்த தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இதுவரை நாங்கள் யாரும் அதைப் பிரித்ததே இல்லை. என் மெஷினில் வைத்து, இருக்கிறதிலேயே பெரிய தாளில் நான்கு மடங்கு பெரிதாக்கினேன். கடைத் தரையில் பரப்பிவிட்டு இரண்டு பேரும் முட்டி போட்டுப் படித்தோம்.

டப்பாவில் இருநூறு அமுக்குக்குத்தான் மருந்து. அதற்குப் பிறகும் தள்ளுகிற கேஸ் மிச்சமிருக்கும். சத்தம் வரும், சாரல் கூட வரும். ஆனால் மருந்து சரியான அளவில் இருக்காது. எண்ணிக்கை முடிந்ததும் தூக்கிப் போடு. குலுக்கிப் பார்த்தோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது.

அத்தான் அந்த இடத்தை மூன்று தடவை படித்தார். "அப்ப நான் தினமும் கேட்டது வெறும் கேஸா?" என்றார். முகம் தொங்கிப் போயிற்று. தினமும் ஒன்று என்று காற்றில் விட்டு டப்பாவைச் சீக்கிரம் தீர்த்ததும் அவர்தான். அதை நான் சொல்லிக் காட்டவில்லை. எனக்கும் கொஞ்சம் மனசு இருக்கிறது.

கீழே இன்னும் இருந்தது. சூட்டில் வைக்காதே, தீப்பக்கம் வைக்காதே. அக்கா சமயத்தில் பட்டறைப் பக்கம் வந்தால் பம்ப்பை வைக்கிற இடம், அடுப்பைப் பற்ற வைத்துச் சோதிக்கிற மேடைக்கு நேர் மேலே! மூடி இல்லாமல் பையில் போடாதே, சின்னப் பொருள் உள்ளே போய் இழுக்கும்போது தொண்டைக்குப் போகும். அக்காவின் பையைக் கவிழ்த்தேன். இரண்டு பித்தான், ஒரு பர்னர் ஸ்க்ரூ. அத்தான் ஸ்க்ரூவை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றே இருநூறு கட்டம் போட்டு ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். அக்கா ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் ஒரு கட்டத்தை அடிக்க வேண்டும். அதோடு அத்தான் விட்டாரா? பழைய டப்பாவையும் புது டப்பாவையும் என் கூரியர் தராசில் நிறுத்து, கழித்து, இருநூறால் வகுத்து, ஒரு அமுக்குக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டார். அக்காவிடம் கேட்காமலே பையைத் திறக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, தினமும் காலையில் அவளிடம் கேட்டு வாங்கி, நிறுக்க என் கடைக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாலாம் நாள் மூஞ்சியில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கட்டத்துல ஒம்போதுதான் அடிச்சிருக்கு. தராசு அம்பதுக்குப் பக்கம் காட்டுது. புது டப்பா லீக்கு!"

சோப்புத் தண்ணீர் தடவினார். குமிழ் இல்லை. காதை வைத்தார். ஒன்றும் இல்லை. அப்படியும் விடாமல் மருந்துக்கடைக்குச் சண்டைக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் போனேன், பொய் சொல்வானேன்.

மருந்துக்கடைக்காரர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல லீக் இல்லண்ணே. வீட்ல அமுக்கறாங்க."

"என் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா."

"நான் அப்படிச் சொல்லலண்ணே. அந்த ப்ரவுன் பம்ப்ப ஒழுங்கா எடுக்கறாங்களான்னு கேளுங்க. அத வாங்க நீங்க வந்து மூணு மாசம் ஆச்சு."

ப்ரவுன் பம்ப் தினமும் இழுக்க வேண்டியது. மூச்சுக்குழாயில் வீக்கம் வராமல் காப்பது அதுதான். நீலம் அவசரத்துக்கு மட்டும். அதை அடிக்கடி தேட வேண்டி வந்தால் வியாதி கைமீறுகிறது என்று அர்த்தமாம்.

சாயங்காலம் அக்கா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "ப்ரவுன எப்ப நிறுத்தின?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"வாயெல்லாம் வெள்ளை வெள்ளையா வந்துச்சுங்க. குரல் கட்டிப் போச்சு. மருந்து ஒத்துக்கலன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும்னு டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாங்களோ என்னமோ. ஒரு வாரம் செஞ்சேன். வேலைக்கு ஓடற அவசரத்துல விட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அத்தான்.

அக்கா உட்கார்ந்தாள். "தினமும் காலையில ஃபுல்லா இருக்குன்னு சொல்லுவீங்க. அப்ப உங்க மூஞ்சில ஒரு சந்தோஷம் வரும். எனக்கு ஒண்ணுமில்லங்கற மாதிரி. அதக் கெடுக்க மனசு வரல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மெத்தைக் கடைக்குப் போகாதன்னு சொல்லிடுவீங்களோன்னும் பயம்."

"நெசமா நீலத்த ஒரு நாளைக்கு எத்தன தடவ இழுக்கற?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா இளம் வயதுதான், ஆனால் நிதானம். கட்டம் போட்ட தாளை ஆச்சரியமாகப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ப்ரவுனை இனி ஒரு பிளாஸ்டிக் குடுவை மாட்டி இழுக்க வேண்டும், மருந்து வாயில் படியாது, ஆனாலும் கொப்பளித்தே ஆக வேண்டும் என்றார். இழுக்கும் முறையை அவளையே செய்து காட்டச் சொல்லித் திருத்தினார். தூசிக்கு முகமூடி கட்டிக்கொண்டு வேலைக்குப் போகலாமா என்பதை மூச்சு சீரானதும் முடிவு செய்யலாம் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

"நீலத்த ஒரு நாளைக்கு எத்தன தடவ எடுக்கறீங்க?"

பழக்க தோஷத்தில் அத்தான் பதில் சொல்ல வாயெடுத்தார். உடனே மூடிக்கொண்டார்.

"பன்னெண்டு" என்றாள் அக்கா. "சில நாள் கூடவே இருக்கும். தையல் மெஷின்ல ஒரு நாலு தடவ. மீதி வீட்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு எடுக்கறது ஆபத்தும்மா. எப்பவோ இங்க வந்திருக்கணும்."

நான் அத்தானைப் பார்த்தேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்ல எட்டு தடவ" என்றார். "நான் எங்க இருந்தேன்?"

"பக்கத்து ரூம்லதான்" என்றாள் அக்கா.