மஞ்சள் கோட்டில் நின்ற வண்டி

ஓடுபாதையைப் பெருக்கும் வண்டியைப் பத்தொன்பது வருடமாக ஓட்டியவளை விமான நிலையத்தில் எல்லோரும் 'பிரேக் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி தராமல் ஓடுபாதைக்கு முன்னாலுள்ள மஞ்சள் கோட்டை அவள் வண்டி தாண்டியதேயில்லை. கேலிப்பெயர்தான். ஆனாலும் அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

வண்டி ரேடியோ அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். மாற்றித் தரும்படி நான்கு தடவை எழுதிக் கொடுத்தாள். மேலாளர் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்பார். அதைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மழைக் காலையில் கோட்டருகே நிறுத்தி, கடக்கலாமா என்று கேட்டாள். "கடக்க..." என்றது ரேடியோ, மிச்சம் கரகரப்பில் போய்விட்டது. மூன்று தடவை திரும்பக் கேட்டாள். பின்னால் ஜீப்பில் வந்த மேலாளர், கூட்டத்துக்கு நேரமாகிறதென்று விடாமல் ஹாரன் அடித்தார். அவள் அசையவில்லை. ஜீப் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடுபாதையில் ஏறியது.

மழைக்குள்ளிருந்து விமானம் வந்தது. தரை தொட இருந்த நொடியில் விமானி அதை மேலே தூக்கிவிட்டார். ஜீப்பின் கூரை தப்பியது மயிரிழையில்.

மறுநாள் விசாரணை அறையில் ஓர் அறிக்கையை அவள் முன் நகர்த்தினார்கள். பெருக்கும் வண்டி வழிமறித்து நின்றதால் ஜீப் விலகிச் செல்ல நேர்ந்ததாம். கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம் என்றார் மேலாளர், ரொம்பக் கரிசனமாக. அவளுக்குக் கோபம் உச்சி வரை ஏறியது.

"நான் நின்னது தப்புன்னா, நாளையிலேர்ந்து எந்த டிரைவரும் நிக்க மாட்டான் சார். அதையும் சேர்த்து எழுதுங்க. அப்புறம் கையெழுத்து போடுறேன்."

கோபுரத்தின் ஒலிப்பதிவைப் போடச் சொன்னாள். அதற்கு விதிமுறை இருக்கிறது என்று இழுத்தார்கள். போடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டார்கள். "கடக்க வேண்டாம்" என்பது தெளிவாகக் கேட்டது. அவள் குரல் மூன்று தடவை கேட்டது. மூன்றிலும் பின்னால் ஹாரன். மேலாளர் தண்ணீர் குடித்தார்.

எல்லா வண்டிக்கும் புது ரேடியோ வந்தது. கோட்டருகே சிவப்பு விளக்குகள் பதித்தார்கள். மேலாளரை மாற்றினார்கள், தலைமை அலுவலகத்துக்கு, பெரிய அறையோடு.

"உன் வேலை போகலையே, அதோட விடு," என்றார் கணவர், வீட்டில் அவள் அதைச் சொல்லிக் குமுறியபோது.

"நூத்திநாப்பது பேரு அந்த ஃப்ளைட்டுக்குள்ள இருந்தாங்க. எதை விடச் சொல்றீங்க?"

அவர் அன்றைக்குத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.