கமுகு மரத்தடியில் ஏழு இலைகள்

போர்ட் பிளேயர் கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். கைதிகள் காலத்திலிருந்து இத்தீவில் வாழும் குடும்பம் எங்களுடையது. எந்தக் கூட்டத்திலும் எனக்கு முன்வரிசை நாற்காலி உண்டு. நடந்ததை விளக்க இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை அதிகாலை நான்கு மணிக்குத் திக்லிபூர் பேருந்தில் ஏறினேன். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பன்னிரண்டு மணி நேரம். எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் பெற்றோரின் பிள்ளைகள் ஏழு பேருக்கு ஒரு வாரம் பாடம் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தேன்.

ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியில், பழங்குடியினர் காட்டைக் கடக்கும் வாகன வரிசை கிளம்பக் காத்திருந்தபோது பக்கத்து இருக்கைப் பாக்கு வியாபாரி எச்சரித்தார்.

"அந்த பஸ்திக்கா சார்? ஸம்பால்கே! தட்டு, டம்ளர் கையோட வெச்சிருக்கீங்கள்ல?"

"தட்டால், டம்ளரால் அது பரவாது."

"பரவாதுதான் சார். ஆனா வெச்சிருக்கீங்கள்ல?"

அவர் பஸ்தி என்று சொன்ன குடியிருப்பு தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்க மீனவர்களுடையது. முதல் மாலையே ஒன்பது வயது ரோஸ்லின், பெருக்கல் கணக்கை முடித்துவிட்டுக் கேட்டாள்: "சனிக்கிழமை கோயில் அசனச் சாப்பாடு சார். எங்களுக்கு மட்டும் கமுகு மரத்தடியில எலை போடுவாக. இந்த வருசமாவது பந்தியில இருக்கலாமா?"

"இருப்பாய்" என்று வாக்குக் கொடுத்தேன். கோயில் காரியங்களைக் கவனிக்கும் உபதேசியாரிடமும் பேசினேன். "பாத்துக்கிடுதேன் சார்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. பந்தலில் எனக்கு மேசை, நாற்காலி, முதல் இலை. கமுகு மரத்தடியில் ஏழு இலைகள். பந்தியில் செவிலியர் ஒருவரும் ஆசிரியர் இருவரும் இருந்தார்கள். படித்த இம்மூவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

விருந்தாளி சோற்றில் கைவைத்த பிறகே பந்தி உண்ணும். அது அங்குள்ள வழக்கம். நான் இலையை எடுத்துக்கொண்டு மரத்தடியில் போய்ச் சம்மணமிட்டேன்.

"சார், அங்ஙன சேர் போட்டிருக்கு!" உபதேசியார் ஓடிவந்தார்.

ரோஸ்லின் என்னை முறைத்தாள். "நான் பந்தியில இருக்கணும்னு கேட்டேன். நீங்க இங்ஙன வந்துட்டீக."

அவள் சொன்னது சரி. எழுந்தேன். "இந்த ஏழு இலையும் பந்தலுக்கு வரும்வரை நான் கைவைக்க மாட்டேன்."

"சனம் பசியில இருக்கு சார்!"

"இவர்களுக்கும் பசிதான்."

யாரும் அசையவில்லை. கடைசியில் சாம்பார் வாளியோடு நின்ற பெண் கத்தினாள்: "ஏ, நகந்து இருங்களேன்! சோறு ஆறிப்போச்சு!" நகர்ந்தார்கள். மனம் இளகி அல்ல, பசி பொறுக்காமல். ஏழு இலைக்கும் இடம் தாராளமாக இருந்தது.

மரியாதை போதாமல் நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியதாகப் போர்ட் பிளேயரில் சொல்கிறார்கள். அது பொய். பந்தலில், தரையில், ரோஸ்லினுக்கும் உபதேசியாருக்கும் நடுவே உட்கார்ந்து, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.