முருகன் படம் போட்ட லேபிள்

மில்லர்புரத்தில் என் வீட்டு அடுப்பில் காய்ச்சிய சுக்குக் கருப்பட்டிக்குத் திருச்செந்தூரில் நல்ல கிராக்கி இருந்தது. காய்ச்சுகிறவள் நான் என்பதுதான் அங்கே வாங்கித் தின்கிற ஒருவருக்கும் தெரியாது.

உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி அச்சில் ஊற்றுவேன். ஆறியதும் சின்ன ஓலைப்பெட்டிகளில் அடைத்து, கோயில் பக்கம் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்ப் போடுவேன். ஒருநாள் அவர் ஒரு கட்டு லேபிளைக் கொடுத்து, பெட்டிக்கு ஒன்று ஒட்டிக் கொண்டுவரச் சொன்னார். மேலே வேலோடு முருகன், கீழே எழுத்து. எனக்கு எழுத்து தெரியாது, முருகனைத் தெரியும். ஒவ்வொரு லேபிளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒட்டினேன். பசைகூட என் வீட்டு மைதாவில் காய்ச்சியதுதான்.

மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போனபோது அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் எழுத்துக்கூட்டப் பழகினேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துப் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. அப்படித்தான் ஒருநாள் முருகனுக்குக் கீழே இருந்ததையும் வாசித்தேன். தயாரிப்பு என்று போட்டு அண்ணாச்சியின் பெயர், அவர் கடை விலாசம். அந்த மனிதர் பிறந்ததிலிருந்து ஒரு துண்டு சுக்கையாவது தட்டியிருப்பாரா?

நேரே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "பேரு யாருதா இருந்தா என்னளா, சரக்கு போகுதுல்லா" என்றார்.

அவருக்குப் போடுவதை நிறுத்திவிட்டு என் பெயரில் லேபிள் அடித்தேன். அதே அடுப்பு, அதே பக்குவம், அதே ஓலைப்பெட்டி. கடை கடையாக ஏறி இறங்கினேன். இது டூப்ளிகேட், முருகன் படம் போட்டதுதான் ஒரிஜினல் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். ஓர் அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே அதைச் சொன்னாள்.

இப்போது அண்ணாச்சிக்குக் காய்ச்சிக் கொடுப்பவள் எங்கள் தெருக்காரி, சின்னப் பெண். போன மாதம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் முருகன் படம் ஒட்டிய பெட்டிகள். பாவம், தெரியாமல் ஒட்டுகிறாள் என்று நினைத்து, விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். பத்தாவது பாஸ் பண்ணியவளாம்.

"மொத நாளே வாசிச்சிட்டேங்க்கா. வாசிச்சு நீங்க என்னத்தக் கண்டிய? ஒங்க சரக்கு வீட்டுலல்லா கெடக்கு."

அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதால் கூடுதலாகவே வந்தது. இன்றைக்கும் என் பெயரைத்தான் ஒட்டுகிறேன். அதைப் போலி என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்.